குளிர் பிளாஸ்மா: ஏழைக்கும் எட்ட வேண்டும்

திடம், திரவம், வாயு ஆகியவற்றுக்கு அப்பால் பொருளின் நான்காவது நிலை பிளாஸ்மா. சூரியனிலும் மின்னலிலும் இருப்பது அதுவே. அதையே கை சுடாத அளவில் உண்டாக்கிப் புற்றுநோய்க்கு மருந்தாக்க முயல்கிறது இன்றைய விஞ்ஞானம். ஹீலியம் போன்ற வாயுவில் உயர் மின்னழுத்தம் செலுத்தினால் குளிர் பிளாஸ்மா பிறக்கும். அது காற்றோடு கலந்து உண்டாக்கும் வினைவேகம் மிக்க ஆக்சிஜன், நைட்ரஜன் மூலக்கூறுகள் புற்றுச் செல்களை மடியச் செய்கின்றன. நல்ல செல்கள் பெரும்பாலும் தப்புகின்றன. 2019-இல் அமெரிக்க அரசு இதை நோயாளிகளிடம் சோதிக்க அனுமதித்தது.

இதைப் படித்தபோது என் பாட்டி நினைவுக்கு வந்தார். வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் பழகியவர். வாயில் வந்த புண்ணை, நடவு முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று மறைத்தே வைத்தார். திருப்பனந்தாளிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது காலம் கடந்துவிட்டது. எந்தப் புதுக் கருவியும் அவரைக் காத்திராது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனை, 1957-லேயே கோபால்ட் கதிர்க் கருவியைப் பெற்றது. ஏழைகளுக்கும் அது பயன்பட்டது. நாளை குளிர் பிளாஸ்மா வெற்றி பெற்றால், அதுவும் அரசு மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்கலாமா? எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவள் நானே முதல். "இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை டாக்டரிடம் காட்டுங்கள்" என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்வது படித்த நம் கடமையன்றோ!

– இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி