கைதுப் பதிவேடு யாருக்காக?

அரநாயக்கப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து, அந்தி சாயும் வேளையில், ஓர் இளைஞன் பொலிசாரால் அழைத்துச் செல்லப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மலையில் கொழுந்தெடுத்துக் களைத்துத் திரும்பும் தாய்க்கு லயத்து வாசலில் அச்செய்தி கிடைக்கிறது. அழைத்துச் சென்றவர் யார்? எந்த நிலையத்துக்குக் கொண்டு சென்றனர்? குற்றச்சாட்டு என்ன? நாளை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவர்? இந்த நான்கு வினாக்களுக்கும் அங்கே நிற்பவர் எவரிடமும் விடையில்லை. அவள் கணக்கப்பிள்ளையிடம் ஓடுகிறாள். தொழிற்சங்கத் தலைவரைத் தேடுகிறாள். ஈற்றில், "விசாரித்துச் சொல்லுகிறேன், கொஞ்சம் செலவாகும்" என்று கூறும் தரகன் ஒருவன் முன் கைகட்டி நிற்கிறாள்.

நிலையத்துப் பதிவேட்டிலோ அந்த நான்கு விடைகளும் இருக்க வேண்டும். பெற்ற தாய்க்கு மூடிக்கொண்டு, தரகனுக்கு மட்டும் திறக்குமாயின் அந்தப் புத்தகம் யாருக்காக வைக்கப்பட்டிருக்கிறது? இந்த வாரம் நாம் கேட்க விரும்பும் கேள்வி இதுவே.

சட்டம் ஊமையாக இருக்கிறது என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, சட்டம் விதித்த நடைமுறைக்கு மாறாக ஒருவரையும் கைது செய்யலாகாதென்றும், கைதாகும் ஒவ்வொருவருக்கும் அதன் காரணத்தை அறிவிக்க வேண்டுமென்றும் 13ஆம் உறுப்புரையில் கூறுகிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, பிடியாணையின்றிக் கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலங்களுக்கு மேல் வைத்திராமல் நீதவான் முன் கொண்டுவரப் பணிக்கிறது. அவ்வாறு கைதான அனைவரைப் பற்றியும் நிலையப் பொறுப்பதிகாரி நீதவான் நீதிமன்றத்துக்கு அறிக்கையிட வேண்டுமென்பது அதன் 38ஆம் பிரிவு.

இவற்றுக்கும் மேலாக, வலிந்து காணாமலாக்கப்படுவதிலிருந்து மக்களைக் காக்கும் சர்வதேசச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அதற்கு உள்நாட்டில் வலுவூட்டியது. பிடிக்கப்பட்டவரின் பெயர், பிடித்த நாள், நேரம், இடம், பிடித்த அதிகாரிகள், அவரது உடல்நிலை, இடமாற்றம், விடுதலை ஆகிய யாவும் ஏட்டில் ஏறவேண்டுமென அச்சமவாயம் விதிக்கிறது. உறவினரும் சட்டத்தரணியும் அவற்றை அறிய உரித்துடையோர் என்பதும் அதன் கட்டளையே.

ஆகவே ஏடு உண்டு, எழுத்தும் உண்டு. ஏழைக்கு அதைத் திறந்து காட்டும் கைதான் இல்லை.

பெயர் அறிவதில் இத்தனை அவசரம் ஏன் என்று சிலர் கேட்கலாம். எமது சப்பிரகமுவ மாகாணத்திலேயே அதற்கு விடை உண்டு. 1989ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 1990ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இரத்தினபுரி மாவட்டத்து எம்பிலிப்பிட்டியவில் பாடசாலை மாணவர் பலர் கடத்திச் செல்லப்பட்டு மறைந்தனர். பிள்ளைகளைத் தேடிப் பெற்றோர் வாசல் வாசலாக அலைந்தனர். 1999இல் இரத்தினபுரி மேல்நீதிமன்றம் அப்பாடசாலை அதிபரையும் இராணுவத்தினர் சிலரையும் குற்றவாளிகளெனத் தீர்த்தது. பிள்ளைகள் திரும்பவில்லை. அவர்கள் சிங்களத் தாய்மாரின் பிள்ளைகள். மறைந்த பெயரைத் தேடி அலையும் துயரத்துக்கு இனமுமில்லை, மொழியுமில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யார் கூறவல்லார்?

2016 மே 17இல் சாமசர மலை சரிந்தபோது, மண்ணுள் மறைந்தோர் யார் யார் என ஒவ்வொரு பெயராகத் தேடிய ஊர் அரநாயக்க. அன்று பெயர்களை மறைத்தது மலை. கைதானவன் பெயரை மறைப்பது மனிதர் கையிலுள்ள ஒரு புத்தகத்தின் அட்டை. மலையோடு வாதாட முடியாது. அலுவலகத்தோடு வாதாடலாம், வாதாடவும் வேண்டும்.

"தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே!" என்று கற்றோர் கூறுவர். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமான அது 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதை நாம் வரவேற்கிறோம். பிரசைகளுக்கே உரிய உரிமை அது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, எஞ்சியிருந்தோர் 2003ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே பிரசைகளான தோட்ட மக்களுக்கு, "கேட்கும் உரிமை எனக்குண்டு" என்று சொல்ல முடிவதே சிறிய காரியமன்று.

எனினும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். அச்சட்டப்படி சாதாரண விண்ணப்பமொன்றுக்குத் தீர்மானம் கூற 14 வேலைநாட்கள் உண்டு. உயிரையும் சுதந்திரத்தையும் பற்றிய விண்ணப்பத்துக்கு 48 மணித்தியாலம். அந்தச் சலுகையும் விண்ணப்பிக்கும் பிரசையின் உயிரையும் சுதந்திரத்தையும் குறித்தே எழுதப்பட்டிருக்கிறது; மகனுக்காகக் கேட்கும் தாயைப் பற்றி அவ்வாசகத்தில் பேச்சில்லை. 24 மணித்தியாலத்துள் நீதவான் முன் நிற்க வேண்டியவனைப் பற்றி 48 மணித்தியாலத்தில் விடை வருவது, பந்தி முடிந்தபின் இலை போடுவதற்கு ஒப்பாகும். பின்னாளில் வழக்குக்கு வேண்டிய பிரதிகளைப் பெற அச்சட்டம் உதவலாம். முதல் இரவுக்கு அது உதவாது.

அடுத்தது மொழி. நிருவாக மொழி சிங்களமாக உள்ள பகுதியிலும் தமிழில் அலுவலரோடு தொடர்புகொள்ளவும், பார்வையிடச் சட்டம் இடந்தரும் உத்தியோகப் பதிவேட்டின் பிரதியையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் பெறவும் ஒருவருக்கு உரிமையுண்டென அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகிறது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை 24ஆம் உறுப்புரை தருகிறது. கேகாலை மாவட்டத்துத் தோட்டத் தமிழன் இவற்றை யாசகமாகக் கேட்கவில்லை; நாட்டின் தலையாய சட்டத்தையே எடுத்துக் காட்டுகிறான். வாசிக்க முடியாத மொழியில் நீட்டப்படும் ஏடு மூடிய ஏட்டுக்குச் சமமே.

அயல்நாட்டைப் பார்ப்போம். இந்திய உயர் நீதிமன்றங்களுக்கெல்லாம் மேலான உச்ச நீதிமன்றம், 1996 டிசம்பரில் டி. கே. பாசு வழக்கில், சாட்சியின் கையொப்பத்தோடும் நாள், நேரத்தோடும் கைதுக் குறிப்பு எழுதப்பட வேண்டுமென்றும், உறவினருக்கு அறிவிக்க வேண்டுமென்றும் பணித்தது. 2008ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், மாவட்டந்தோறும் பொலிஸ் கட்டுப்பாட்டு அறையின் வெளியே கைதானவர் பெயரையும் கைது செய்தவர் பெயரையும் பதவியையும் பலகையில் எழுதும் கடமையை விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டம், கைதானவர் பெயரைக் காட்டும் கடமையை ஒவ்வொரு நிலையத்துக்கும் விரித்திருக்கிறது. அங்கும் எழுத்துக்கும் செயலுக்கும் இடையே தூரமுண்டு என்பதை நாம் அறிவோம். ஆயினும் கைது செய்தவன் தன் பெயரை வெளியிடும் முறை ஒருநாள் செவ்வனே நடந்தாலும் ஒருவனுடைய உடலைக் காக்கும்.

அமெரிக்காவின் வழியை நாம் வேண்டவில்லை. அங்கே பல பகுதிகளில் சிறைக்குள் கொண்டுவரப்படும் ஒவ்வொருவர் முகமும் உடனே ஊரறிய இணையத்தில் ஏறுகிறது. அப்படங்களைத் திரட்டிப் போட்டு, நீக்குவதற்குப் பணம் கறக்கும் வியாபாரமே அங்கு முளைத்தது. அதைத் தடுக்கப் பல மாநிலங்கள் சட்டம் இயற்ற நேர்ந்தது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் சுற்றவாளியே என்று எமது அரசியலமைப்பும் சொல்கிறது. பதிவேடு காவலாக இருக்க வேண்டும், கழுமரமாக மாறலாகாது.

ஆதலால் நாம் வற்புறுத்துவன மூன்று. ஒவ்வொரு பொலிஸ் நிலைய வாசலிலும் இரு மொழியிலும் ஒரு பலகை வேண்டும்: அன்று கைதானோர் தொகை, கைதான நேரம், கைது செய்த உத்தியோகத்தர், நிறுத்தப்படும் நீதிமன்றம் ஆகியன அதில் இருக்கட்டும், கைதானவர் பெயரை அதில் எழுதவேண்டியதில்லை. இரண்டாவது, பெற்றோரோ மனைவியோ சட்டத்தரணியோ வந்து கேட்டால், அவரது பதிவின் விவரம் கையொப்பமிட்ட சீட்டாக, தமிழில், கட்டணமின்றி, அக்கணமே கொடுக்கப்பட வேண்டும். மூன்றாவதே எல்லாவற்றிலும் முக்கியமானது: "இங்கே அப்படி ஒருவருமில்லை" என்று கூறுவாராயின் அதையும் நேரமிட்டு, பெயரிட்டு, கையொப்பமிட்டுத் தரவேண்டும். வாயால் சொல்லும் "இல்லை" காற்றோடு போய்விடும். எழுதிய "இல்லை" நீதவான் முன் சாட்சியாக நிற்கும். இம்மூன்றுக்கும் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். ஒரு பலகையும், சில சீட்டுக் கட்டுகளும், தமிழ் எழுதத் தெரிந்த ஓர் உத்தியோகத்தரும் போதும்.

அரசாங்கத்தார் செய்யட்டும் என்று நாம் வாளாவிருத்தலும் தகாது. மாவனெல்லையிலும் கேகாலையிலும் நீதிமன்றப் படியேறும் சட்டத்தரணிகளே, தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே! தோட்டத்துக்கு இருவர் முன்வந்தாற் போதும். இரவில் ஒரு தாய் நிலையத்துக்குப் போகும்போது உடன் செல்லுங்கள்; அந்த நான்கு வினாக்களையும் பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள்; விடையையும் விடை கூறியவரையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். 24 மணித்தியாலம் கடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தை நாடும் தவணை ஒரு மாதமே என்பதையும் மறவாதீர்கள். தோட்டத்தை அடுத்துள்ள கிராமங்களின் விவசாயப் பெருமக்களும் இதைத் தம் காரியமாகக் கொள்ளட்டும்; நாளை வரப்புத் தகராறொன்றில் அழைத்துச் செல்லப்படுவது அவர்தம் மகனாகவும் இருக்கலாம்.

தோட்டத்தில் ஒருநாட் பெயர் விடுபட்டால் அன்றைய சம்பளம் போய்விடும் என்பதைத் தொழிலாளி நன்கறிவான். அதனாலேயே செக்ரோலில் தன் பெயர் ஏறியதா என்று அவன் கேட்டு உறுதி செய்கிறான். உழைப்பின் ஏட்டைப் பார்க்க உரிமையுள்ளவனின் தாய்க்கு, உயிரின் ஏட்டைப் பார்க்கும் உரிமை இல்லையா? அந்த ஏட்டைத் திறவுங்கள் என்கிறோம். திறக்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.