உலையை நிறுத்தச் சொல்ல யாருக்கு அதிகாரம்?

மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தால் மறுநாள் பத்திரிகையில் மூன்று செய்திகள் வரும்: தலைவர்களின் இரங்கல், இழப்பீட்டுத் தொகை, விசாரணைக் குழு. வராத செய்தி ஒன்று உண்டு. அந்த நேரத்தில் அந்த இடத்தில் அவர்களை நிற்கச் சொன்னது யார்?

அதைத்தான் நாம் கேட்கிறோம்.

2017 நவம்பர் 1. உத்தரப் பிரதேசம், ரேபரேலி மாவட்டம், உஞ்சாகர். தேசிய அனல் மின் கழகத்தின் 500 மெகாவாட் அலகு. ஓடத் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. உலையின் அடியில் சாம்பல் உருகி, இறுகி, கல்லாகக் கிடந்தது. 'கிளிங்கர்' என்பார்கள். அது வழியை அடைத்துக்கொண்டால் செய்ய வேண்டியது எளிது: அலகை நிறுத்து, ஆறவிடு, பிறகு ஆளை அனுப்பு. அங்கேயோ, உலை எரிந்துகொண்டிருக்கும்போதே சாம்பலை அகற்றும் வேலை நடந்தது. பிற்பகல் மூன்றரை மணி வாக்கில், 20 மீட்டர் உயரத்தில் உலை திறந்துகொண்டு கொதிக்கும் புகைவாயுவும் நீராவியும் பீறிட்டன. 40 பேருக்கு மேல் மாண்டனர். பிழைப்புத் தேடி வெளிமாநிலத்திலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகளும் அவர்களில் இருந்தார்கள். அதாவது, நம்மைப் போன்றவர்கள்.

நெய்வேலிக்கு வருவோம். 2020 மே 7 அன்று இரண்டாவது அனல் மின் நிலையத்தின் ஆறாவது அலகில் வெடிப்பு. எட்டு வாரம் முழுதாகக் கழியவில்லை. ஜூலை 1 அன்று அதே நிலையத்தின் ஐந்தாவது அலகு. அன்றே 6 பேர் இறந்தனர். தீப்புண்ணோடு போராடி இன்னும் பலர் அடுத்த நாட்களில் மருத்துவமனையில் மடிந்தனர். கொதிகலன் அப்போது ஓட்டத்தில் இல்லை என்றது நிர்வாகம். இது சமாதானமா, குற்றப்பத்திரிகையா? நிறுத்திய உலை வேறு, ஆறிய உலை வேறு. பழுப்பு நிலக்கரி தானாகவே கனன்று தீப்பிடிக்கும் சரக்கு என்பது நெய்வேலியில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் இடைக்கால அபராதம் விதித்தது. முதல் வெடிப்புக்குப் பிறகு மற்ற அலகுகளில் யார் என்ன பார்த்தார்கள் என்பதற்கு அந்த 5 கோடி பதிலாகாது.

தண்ணீரில் ஓடும் மின் நிலையமும் எரியும். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 இரவு, ஸ்ரீசைலம் இடதுகரை நிலத்தடி மின் நிலையத்தில் தீப்பிடித்து, புகை மண்டி, 9 பேர் உயிரிழந்தனர். பொறியாளர்களும் அதில் உண்டு. புகை யாருடைய பாஸையும் சோதிப்பதில்லை.

"நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். அலகை இரண்டு நாள் நிறுத்தினால் எத்தனை யூனிட் நட்டம் என்று கணக்குப் போடுகிற அதே அதிகாரி, நிறுத்தாவிட்டால் எத்தனை உயிர் என்று ஏன் கணக்குப் போடுவதில்லை? ஏனென்றால் முதல் கணக்கை மேலிடம் மாதாமாதம் கேட்கிறது. இரண்டாவது கணக்கைக் கேட்க ஆளில்லை.

ஆபத்து கண்டால் எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது போபாலுக்குப் பின் வந்த 1987 திருத்தம். நல்லது. ஆனால் நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பதே மேஸ்திரியின் கையில் இருக்கும்போது, எந்தக் காண்டிராக்ட் கூலி வாய் திறப்பான்? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்போ, ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு 20 பேர் இருந்தாலே உண்டு என்றிருந்ததை 50 பேர் என்று உயர்த்திவிட்டது. 49 பேரை வைத்து வேலை வாங்கும் காண்டிராக்டருக்குக் கொண்டாட்டம்தான்!

இது தூரத்துக் கதையல்ல. 2018 ஆகஸ்ட் 8 அன்று மாகுல் சுத்திகரிப்பு ஆலையில் தீ. 40 பேருக்கு மேல் காயம். செம்பூரிலும் சீத்தா கேம்பிலும் நம் குடும்பங்கள் இருக்கின்றன. பெருவிபத்து நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை வேலிக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கின்றன 1989ஆம் ஆண்டு விதிகள். உங்கள் சந்துக்கு அந்த அறிவிப்பு வந்ததா? எந்த மொழியில் வந்தது?

நாம் கேட்பது பெரிதல்ல. உலையருகே நிற்பவன் 'நிறுத்து' என்றால் முதலில் நிறுத்த வேண்டும். காரணத்தைப் பிறகு விசாரிக்கட்டும். அப்படிச் சொன்னவனின் பாஸைப் பிடுங்கக் கூடாது. பயிற்சியும் எச்சரிக்கைப் பலகையும் அவனுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். விசாரணை அறிக்கையின் ஒரு பிரதி, இறந்தவன் வீட்டுக்கு இழப்பீட்டுக் காசோலையோடு போக வேண்டும்.

மின் நிலையத்திலோ எண்ணெய்க் கிடங்கிலோ வேலை செய்யும் நண்பர்கள் இந்த மாதத்துக்குள் நமக்கு எழுதுங்கள்: தீப்பயிற்சி கடைசியாக எப்போது நடந்தது? காண்டிராக்ட் ஆட்களையும் அதில் சேர்த்தார்களா? பெயர் வேண்டாம், பிரிவும் தேதியும் போதும்.