அரைநாள் பள்ளியும் முழுநாள் தறியும்

வாலாஜாபாத் என்னும் ஊர்ப்பெயரிலேயே ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் ‘வாலாஜா’ என்னும் பட்டம் பதிந்து கிடக்கிறது. பாலாற்றங்கரையில், காஞ்சி மாநகருக்குக் கிழக்கே அமைந்த இவ்வூரை நவாபின் பெயரால் அறிவோரைவிட, இதனை அடுத்துள்ள அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை முதலிய ஊர்களின் தறியோசையால் அறிவோரே மிகுதி. பள்ளிக்கல்வியைப் பற்றி எழுதப் புகுந்த நாம் தறியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டுப் பொதுக்கல்வி கண்ட பெரும் வழக்குகளுள் ஒன்று, பள்ளிக்கும் பரம்பரைத் தொழிலுக்கும் இடையே நடந்த வழக்காகும். அது முடிந்துவிட்டதென நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

காஞ்சிப் பட்டுக்குப் பெருமை சேர்ப்பது கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம்; இரண்டையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, ஊடை இழைகளை ஒன்றோடொன்று பூட்டிச் சேர்ப்பார்கள். ஒருபுறத்துக் கரை நாடாவை ஓட்டுவதற்கு நெசவாளர் அருகே இன்னொருவர் அமர வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க வகையற்ற வீட்டில் அந்த ‘இன்னொருவர்’ பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தது. அல்லது முன்பணம் வாங்கிய அண்டை வீட்டுப் பிள்ளையாக இருந்தது. மணமேடையில் நாம் வியந்து நோக்கும் கரையழகில் பள்ளி செல்லாத விரல்களின் பங்கும் உண்டு என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. 2003ஆம் ஆண்டில் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் குறித்து வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது.

1953ஆம் ஆண்டு இராஜாஜி அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தொடக்கக்கல்வித் திட்டத்தை இளைய மாணவர்கள் பெயரளவில் அறிந்திருக்கலாம். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாக இருந்த பள்ளிப்படிப்பு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றார்கள். எதிர்த்தோர் அதற்கு இட்ட ‘குலக்கல்வித் திட்டம்’ என்னும் பெயரே நிலைத்துவிட்டது. இராஜாஜியின் நோக்கம் தீயது எனக் கூற நாம் துணியோம். கட்டடமும் ஆசிரியரும் போதாத காலத்தில், இரு வேளையாகப் பள்ளி நடத்தினால் இரு மடங்கு பிள்ளைகள் படிப்பார்கள் என்பது அவர் போட்ட கணக்கு. ஆனால் அத்திட்டம் நகராட்சிப் பகுதிகளுக்கு அன்றி ஊர்ப்புறங்களுக்கே முதலில் வந்தது. காஞ்சி நகராட்சிக்குள் பிறந்த பிள்ளைக்கு முழுநாள் பள்ளி, எல்லைக்கு வெளியே நெசவூரில் பிறந்த பிள்ளைக்கு அரைநாள் பள்ளி என்னும் நீதியை எவ்வாறு ஏற்பது? தந்தை வழக்கறிஞராயின் மகன் பிற்பகலில் எத்தொழிலைப் பழகுவான்? காந்தியடிகளின் ஆதாரக்கல்வியும் கைத்தொழிலைப் போற்றியதே. ஆயினும் அது எல்லாப் பிள்ளைகட்கும் பள்ளிக்குள்ளேயே கற்பிக்கப்பட வேண்டிய தொழில், தந்தையின் தறிக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடன்று.

1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1956இல் அவர் கண்ட மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தன. சோறு போட்டா படிப்பைக் காப்பது என்று ஏளனம் பேசுவோர் இன்றும் உளர். தறியில் அமரும் பிள்ளைக்குக் கிடைப்பதும் சோறுதான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்தச் சோற்றைப் பள்ளியே தந்தபோதுதான் பெற்றோரின் கணக்கு மாறியது.

இனி, முடியாத வழக்குக்கு வருவோம். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் செய்யப்பட்ட திருத்தம், 14 வயதுக்கு உட்பட்டோரைப் பணியில் அமர்த்தலாகாது என முழுமையாகத் தடுத்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே திருத்தம், பள்ளி நேரம் முடிந்த பின்னரும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் ‘உதவலாம்’ என்று ஒரு வாயிலைத் திறந்துவைத்தது. தறி இருப்பது வீட்டுக்குள். உதவி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது என்பதை எந்த ஆய்வாளர் அளந்து சொல்வார்? 1953இல் அரசாணை சொன்ன பிற்பகலைச் சட்டம் இன்று மாலைப்பொழுதாக மாற்றித் தந்திருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் பத்து நாள் புத்தகப்பையின்றித் தச்சர், குயவர் முதலியோரிடம் சென்று தொழில் அறிந்து வர வேண்டும் என்கிறது. தமிழகத்தில் இதற்கும் குலக்கல்வி என்றே பெயர் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் செல்வார்களாயின் பத்து நாளில் தீங்கில்லை என்று வாதிடுவோர் கூற்றில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் வீட்டிலேயே தறி வைத்திருக்கும் பிள்ளைக்கு அது பத்து நாளோடு முடியுமா? மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான இப்பூசலில் 2024-25ஆம் ஆண்டுக்குரிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வி நிதி விடுவிக்கப்படாமல் நின்று, தமிழக அரசு 2025இல் உச்ச நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. கொள்கைப் பூசலில் பிள்ளைகளின் பங்கைப் பிடித்துவைப்பது எவ்வகையிலும் முறையன்று.

இளம்பிள்ளையின் விரலே கோர்வை பழகும், ஆதலின் பள்ளி வளர்ந்தால் நெசவு அழியும் என்பது முதியோர் சிலரின் கவலை. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால் விடை கிடைக்கும். ஒரகடம் நோக்கித் தொழிற்சாலைப் பேருந்துகள் இளைஞரை ஏற்றிச் செல்கின்றன. தறியை விட்டு அவர்களை விரட்டியது பாடப்புத்தகம் அன்று, கூலி. பிள்ளையின் ஊதியமற்ற உழைப்பு இருந்தால்தான் நிற்கும் என்னும் தொழிலுக்கு வேண்டியது நியாயமான நெசவுக்கூலியே.

நம் சமுதாயப் பெரியோர்களுக்கு இவ்விடத்தில் ஒன்று சொல்ல விழைகிறோம். முஸ்லிம் பிள்ளைகள் மதரஸாக்களிலேயே முடங்கிக் கிடக்கிறார்கள் என்னும் பொய்யை 2006ஆம் ஆண்டு சச்சார் குழு அறிக்கை தகர்த்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு நான்கு பேரளவே அன்று மதரஸாவில் பயின்றார்கள். மூன்றில் இரு பங்கினர் அரசுப் பள்ளிகளில் இருந்தார்கள். ஆகவே அரசுப் பள்ளி நமக்குப் பிறர் பள்ளியன்று. பத்ருப் போர்க் கைதிகளுள் எழுத்தறிந்தோர், பத்துச் சிறார்க்கு எழுதப் படிக்கக் கற்பித்தால் அதுவே விடுதலைக்கு ஈடாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றதாக வரலாறு கூறுகிறது. பொருள் தட்டுப்பாடு மிகுந்த அந்நாளில் பொன்னைவிட எழுத்தே பெரிதெனக் கொள்ளப்பட்டது.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் நலிந்தோர்க்கு ஒதுக்க வேண்டிய 25 விழுக்காட்டு இடம் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையை நாம் விட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை. எனினும், பீடி சுற்றும் வீட்டுப் பெண்ணுக்கும் தறி வீட்டுப் பிள்ளைக்கும் நம் பள்ளிகள் தாமாகவே இடம் வைப்பதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை.

தமிழ்த்துறை மலரில் எழுதுகிறோம் என்பதற்காக, ஆங்கிலவழிப் பள்ளியின் மஞ்சள் வேனில் பிள்ளையை ஏற்றிவிடும் தாயைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் எல்லாரும் விலகிய பின், அரசுப் பள்ளியில் ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் தட்டிக் கேட்பவர் யார்? 2011இல் ஈரோடு மாவட்ட ஆட்சியராக இருந்த ஆனந்தகுமார் தம் மகளைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தபோது நாடே வியந்து பேசியது. அது வியப்புக்குரிய செய்தி ஆனதே நம் நிலையைக் காட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்காற்பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பெற்றோர்க்குத் துணைநின்று வரவுசெலவைப் படித்துச் சொல்லவாவது ஊர்ப் பெரியோர் முன்வரலாம்.

மாணவர்களுக்கும் பணி இருக்கிறது. கொரோனாக் காலத்துக்குப் பின், 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை ஐந்து மணி முதல் ஏழு மணிக்குள் தன்னார்வலர் வழியே பாடம் நடத்தியது. சட்டம் தறிக்கு விட்டுக்கொடுத்த அதே மாலைப்பொழுது அது. தமிழ் பயிலும் மாணவர் பதின்மர் முறைவைத்து அய்யம்பேட்டைத் தெருவொன்றில் அந்த இரண்டு மணி நேரத்தை ஏற்றுக்கொண்டால், அத்தெருவின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அந்நேரத்தில் நாடாவை வைத்துவிட்டுப் புத்தகத்தோடு அமர்வார்கள்.