இதுக்குப் பதிலா அது... ஓகேவா?

புராஜெக்ட் சீசன்ல பார்ட்ஸ் கடைக்குப் போனா இந்த டயலாக் கட்டாயம் காதுல விழும். "தம்பி, 25 வோல்ட் கெபாசிட்டர் இல்ல. 16 வோல்ட் இருக்கு. மைக்ரோஃபாரட் ஒண்ணுதான்!" 20 வோல்ட் லைன்ல அதைப் போட்டா, தீபாவளி நம்ம போர்டுலதான்!

கம்பெனிகளில் இப்படி ஆளாளுக்கு மாற்ற முடியாது. எந்த பார்ட், யார் தயாரிப்பு, அது கிடைக்காவிட்டால் எது... எல்லாம் சோதித்து ஒப்புதல் வாங்கிய பட்டியல் இருக்கும். 'சும்மா பேப்பர் வேலை' என்று நினைக்கிறவர்கள் நம்ம சிவகாசியைப் பாருங்கள்.

பட்டாசு மருந்துக்கும் இப்படிக் கட்டுப்பாடு உண்டு. கவனிப்பது 'பெசோ' என்கிற மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. 2017 ஜூலையில் ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆன்டிமனி, லித்தியம் ஐந்தையும் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்றது சுப்ரீம் கோர்ட். 2018 அக்டோபரில் பேரியம் உப்புகளும் அவுட். ஈயமும் பாதரசமும் எலெக்ட்ரானிக்ஸ்காரர்களுக்கும் பழைய வில்லன்கள்தான். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பாவின் ஆர்.ஓ.எச்.எஸ். விதி அவற்றுக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது.

சரி, பட்டியலில் ஒரு பெயரை அடித்தால் வேலை முடிஞ்சதா? பேரியம் நைட்ரேட் பச்சை நிறம் தரும். எரிவதற்கு ஆக்சிஜனும் தரும். பதிலுக்கு ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் போட்டால் ஆக்சிஜன் கிடைக்கும். ஆனா, நிறம் சிவப்பாகிடும், ஈரத்தையும் இழுக்கும். அதனால்தான் சி.எஸ்.ஐ.ஆர்.-நீரி விஞ்ஞானிகள் ஃபார்முலாவையே புதுசா போட்டு, சோதிச்சு, 2019ல் பசுமைப் பட்டாசை வெளியிட்டார்கள்.

இன்னொரு ட்விஸ்ட்! பெயர் மட்டும் போதாது. எதோடு, எங்கே என்பதும் வேணும். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை உரசினாலே வெடிக்கும். 1992ல் மத்திய அரசு அதைத் தடை செய்தது. தீக்குச்சி மருந்துக்கு விலக்கு உண்டு. ஒரே ஊர், ஒரே பொருள். தீப்பெட்டி ஆபீஸில் ஓகே, பட்டாசு ஆலையில் நோ! நம்ம போர்டு புகைஞ்சா வேற வாங்கிக்கலாம். மருந்து கலக்கிற அறையில் இருக்கும் அண்ணனுக்கு ரெண்டாவது சான்ஸ் கிடையாது.

ஸோ, ஃபைனல் இயர் மக்களே... பார்ட் நம்பர், தயாரிப்பாளர், மாற்று, எந்த சர்க்யூட்டுக்கு ஓகே, யார் எப்போ சோதிச்சது? ஒரு தாளில் அஞ்சு கட்டம் போட்டு எழுதிடுங்க. வைவாவில் "ஏம்ப்பா இதைப் போட்டே?"னு கேட்டா, "கடையில இதுதான் சார் இருந்துச்சு"னு முழிக்க வேண்டாம்!