உறைந்த சேவையகமும் அழிக்கப்பட்ட சாட்சியமும்

நான் முன்னர் பணியாற்றிய பத்திரிகைக் காரியாலயம் ஒன்றில் விளம்பரக் கணக்குகளுக்கெனப் பழைய மென்பொருள் ஒன்று இருந்தது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட அதனை, செலவைக் குறைக்கும் பொருட்டு, லினக்ஸ் சேவையகத்தில் 'வைன்' மூலம் இயக்கினார்கள். பகல் முழுவதும் ஒழுங்காக இயங்கும். இரவில், பக்கங்களை முடிக்கும் வேளையில் உறைந்துவிடும். அதனை நம்பியிருந்த கணினிகள் அனைத்திலும் வேலை நின்றுவிடும். உடனே யாராவது சேவையகத்தை நிறுத்தி மீளத் தொடக்குவார். எல்லாம் சரியாகிவிடும். சில நாட்களில் மீண்டும் அதே கதை. பழி மட்டும் தவறாமல் வைன் மீது விழும்.

மீளத் தொடக்குவது பரிகாரமல்ல, சாட்சியத்தை அழிப்பது என்பதே என் கருத்து.

1993 இல் ஆரம்பிக்கப்பட்டு 2008 ஜூனில் 1.0 பதிப்பை எட்டிய வைன், முழுக் கணினியொன்றைப் போலச் செய்து காட்டுவதில்லை. விண்டோஸ் மென்பொருள் கேட்பவற்றை லினக்ஸுக்குப் புரியும் அழைப்புகளாக மாற்றித் தருகிறது. இதில் 'வைன்சேர்வர்' என்ற செயல்முறை நடுவில் நிற்கிறது. ஒரே வைன் கோப்புறையின் கீழ் இயங்கும் மென்பொருள்கள் யாவும் கோப்பைத் திறப்பதற்குக்கூட அதனிடமே போகின்றன. அது ஓரிடத்தில் சிக்கினால், தொடர்பற்ற மென்பொருளும் சேர்ந்தே நிற்கும்.

ஓர் இரவு, இளம் தொழில்நுட்பவியலாளர் ஒருவர் பத்து நிமிட அவகாசம் கேட்டார். ஆசிரியபீடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் முதலில் பார்த்தது, செயலி ஓயாமல் உழைக்கிறதா, சும்மா இருக்கிறதா என்பதை. உழைத்தால் நிரல் சுழலில் சிக்கியிருக்கலாம். சும்மா இருந்தால் எதற்கோ காத்திருக்கிறது. செயலி சும்மா இருந்தது. செயல்முறைப் பட்டியலில் வைன்சேர்வரின் நிலை 'டி' என்ற எழுத்தால் குறிக்கப்பட்டிருந்தது. உள்ளீடு வெளியீட்டுக்காக, இடைநிறுத்த முடியாதபடி காத்திருக்கிறது என்பதே அதன் பொருள். வலையமைப்பிலிருந்த கோப்புச் சேமிப்பகம் பதில் தரவில்லை. அந்த நேரத்தில்தான் அங்கே காப்புநகல் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

காப்புநகல் நேரம் அதிகாலைக்கு மாற்றப்பட்டது. கணக்கு மென்பொருளுக்குத் தனி வைன் கோப்புறை ஒதுக்கப்பட்டது. உறைவு நின்றது. வைன் நிரபராதி.

2025 இல் வெளிவந்த லினக்ஸ் 6.14, விண்டோஸ் மென்பொருள்களின் பூட்டுகளையும் காத்திருப்புகளையும் கருவிலேயே கையாள வழி செய்தது. வைன்சேர்வரின் சுமை அதனால் குறையும். ஆயினும் பதில் தராத சேமிப்பகத்துக்கு அது மருந்தாகாது.

அச்சுக்குப் போகும் நேரத்தின் பதற்றம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பத்து நிமிடங்களை மறுத்து, எத்தனை இரவுகளை இழந்தோம்! செய்தியை உறுதிப்படுத்தாமல் அச்சேற்றக் கூடாது என்று இளையோருக்குப் போதித்த நாங்கள், எங்கள் சேவையகத்தின் விடயத்தில் மட்டும் விசாரணையின்றித் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தோம்.