விமானம் ஏறிய கணினியும் ஊரிலேயே தங்கிவிட்ட உத்தரவாதமும்

“மலிவுக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான்.” என் மடிக்கணினி செயலிழந்த செய்தியைக் கேட்டவுடன் எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் சொன்னது இது. சொன்னவர் நல்லவர்; என் ஆய்வின்மீது அக்கறை கொண்டவர். ஆயினும் இந்த ஒற்றை வரியில் ஒரு பெரும் அநீதி எவ்வளவு எளிதாகத் தனிமனிதப் பேராசையாக உருமாறிவிடுகிறது என்பதை எண்ணி அன்றிரவு முழுவதும் உறக்கம் வரவில்லை. அவருக்கு நேரில் சொல்லத் தயங்கியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஆய்வு மாணவனுக்குக் கேமிங் மடிக்கணினி எதற்கு என்ற கேள்வி. புரத மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்ப்பது என் ஆய்வு. புரதம், அதைச் சூழ்ந்த நீர், உப்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒரு லட்சம் அணுக்கள். ஒவ்வொன்றின்மீதும் செயல்படும் விசையைக் கோடிக்கணக்கான முறை கணக்கிட வேண்டும். 2007-இல் என்விடியா நிறுவனம் ‘குடா’ என்னும் நிரலாக்கத் தளத்தை வெளியிட்டபின், விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட வரைகலைச் செயலிகள் இத்தகைய கணக்கீடுகளுக்குப் பெரிதும் பயன்படத் தொடங்கின. நாங்கள் பயன்படுத்தும் குரோமாக்ஸ் மென்பொருள் பெரும்பாலான கணக்குகளை ஒற்றைத் துல்லியத்திலேயே முடித்துக்கொள்ளும். ஆகவே பல லட்சம் விலையுள்ள தரவு மையச் செயலி இல்லாமலேயே, இளைஞர்கள் இரவில் துப்பாக்கிச் சண்டை விளையாடும் அதே அட்டையில் எங்கள் வேலை நடந்துவிடும். பல்கலைக்கழகத்தின் பொதுக் கணினித் தொகுதியில் வரிசை நீளம். என் முறை வரும் நாளில் மின்சாரமோ குளிர்சாதனமோ ஒத்துழைக்காது. இதெல்லாம் இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இனி ‘மலிவு’. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். எனக்குத் தேவைப்பட்டது 12 ஜி.பி. நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4080 பொருத்திய கணினி. அந்த ஆண்டின் இறுதியில் தில்லியில் அதற்கு எனக்குச் சொல்லப்பட்ட விலை 2,90,000 ரூபாய். அதே நிறுவனத்தின் அதே கணினி அமெரிக்காவில் 2,200 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 1,83,000. டெலவேர் மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது. அங்கே பணிபுரியும் என் சித்தி மகன் வாங்கி, விடுமுறைக்கு வரும்போது கையோடு கொண்டுவந்தான். பதினெட்டு வயது நிறைந்த பயணி ஒரு மடிக்கணினியைச் சுங்க வரியின்றிக் கொண்டுவரலாம் என்பது விதி. தன் கணினியை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்த அவனுடைய நல்ல மனத்தையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

விலை வேறுபாட்டுக்கு அரசின் வரிதான் காரணம் என்று பலரும் நம்புகிறார்கள். கணக்கைப் பார்ப்போம். தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1997-இலேயே இணைந்துவிட்டது. மடிக்கணினிக்கு அடிப்படைச் சுங்க வரி இல்லை. எஞ்சுவது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. அமெரிக்க விலையோடு அதைச் சேர்த்தால் ஏறத்தாழ 2,16,000 ரூபாய். தில்லி விலைக்கும் இதற்கும் இடையே இன்னும் 74,000 ரூபாய் நிற்கிறது. எனக்கு அது சரியாக இரண்டு மாத உதவித்தொகை. அந்தப் பணத்தை அரசு கேட்கவில்லை. நிறுவனமும் அதன் விநியோகச் சங்கிலியும் கேட்கின்றன. கொடுக்க முடியாதவனைப் பேராசைக்காரன் என்பது என்ன நியாயம்?

ஒன்பதாவது மாதத்தில், ஓர் உருவகப்படுத்தல் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டது. அதன்பின் ஆற்றல் பொத்தானை அழுத்தினால் விளக்கு ஒரு முறை மின்னி அணையும், அவ்வளவுதான். நிறுவனத்தின் இணையதளத்தில் தொடர் எண்ணை இட்டேன். ‘உத்தரவாதம் நடப்பில் உள்ளது’ என்று பச்சை எழுத்தில் வந்தது. எஞ்சிய நாள்களையும் எண்ணிச் சொன்னது. அதே தொடர் எண்ணைச் சேவை மையத்தில் இட்ட ஊழியர், திரையை என் பக்கம் திருப்பி, வாங்கிய நாடு என்ற கட்டத்தைக் காட்டினார். “இது எங்கள் பகுதிக் கணினி அல்ல.” சரி, பணம் கொடுக்கிறேன், பழுது பார்த்துத் தாருங்கள் என்றேன். அதுவும் முடியாதாம், இந்த மதர்போர்டின் பாக எண் இந்தியப் பட்டியலில் இல்லையாம். இத்தகைய கணினிகளில் வரைகலைச் செயலி மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதன் பக்கத்தில் ஏதாவது ஒரு சிறு உறுப்பு பழுதானாலும் முழுப் பலகையையும் மாற்றுவதே நிறுவனங்களின் வழக்கம். பலகைதான் கணினியின் விலையில் பெரும்பங்கு. ஆகவே இங்கே உத்தரவாதம் இல்லை என்றால் கணினியே இல்லை என்று பொருள்.

அமெரிக்காவுக்கு அனுப்புங்கள் என்று ஆலோசனை சொன்னார்கள். பழுதான கணினியை அதன் பெரிய லித்தியம் மின்கலத்தோடு கூரியரில் அனுப்புவதற்கான கட்டுப்பாடுகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். அங்கே அதைப் பெற்றுக்கொள்ள ஒரு முகவரி வேண்டும். திரும்பி வரும்போது, இது புதிதாக வாங்கிய பொருளன்று, பழுது நீக்கிய பழைய பொருள் என்று சுங்கத்திடம் ஆவணங்களோடு நிறுவ வேண்டும். ஆய்வேட்டின் நான்காம் இயலை எழுதவேண்டிய மாணவன் ஏற்றுமதி இறக்குமதி நடைமுறைகளைப் பயில வேண்டும் என்று அந்நிறுவனம் எதிர்பார்க்கிறது.

அன்று மாலை விடுதிக்குத் திரும்பி, மின்னேற்றியின் அடிப்பகுதியில் இருந்த சிறு எழுத்துகளைப் படித்தேன். உள்ளீடு 100 முதல் 240 வோல்ட், 50 முதல் 60 ஹெர்ட்ஸ். அதாவது அமெரிக்கச் சுவரிலும் இந்தியச் சுவரிலும் தடையின்றி இயங்குவதற்காகவே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மின்கலத்தில் 99.9 வாட் மணி என்று அச்சிட்டிருந்தது. இந்த எண்ணிக்கை தற்செயலானதன்று. விமானப் பயணி தனி அனுமதியின்றி எடுத்துச் செல்லக்கூடிய லித்தியம் மின்கலத்தின் வரம்பு 100 வாட் மணி. பெரிய கேமிங் கணினிகளின் மின்கலங்கள் அந்தக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்தப்படுவது விமானம் ஏறுவதற்காகத்தான். கணினியின் ஒவ்வோர் உறுப்பையும் எல்லை கடப்பதற்கென்றே செதுக்கிய நிறுவனம், தன் வாக்குறுதியை மட்டும் எல்லையில் இறக்கிவிடுகிறது.

உத்தரவாதம் என்பது என்ன? ‘நான் செய்த இந்தப் பொருளில் குறை இருந்தால் அது என் பொறுப்பு’ என்று செய்தவர் சொல்லும் சொல். என் கணினியில் இருந்த குறை டெலவேரில் உண்டானதுமில்லை, தில்லியில் உண்டானதுமில்லை. இரு நாட்டுக் கடைகளுக்கும் சரக்கு அனுப்பும் தொழிற்சாலையில் உண்டானது. அப்படியிருக்க, குறையைச் சரிசெய்யும் கடமை மட்டும் கடவுச்சீட்டுக் கேட்பது எங்ஙனம்?

எதிர்வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சேவை மையம் நடத்தச் செலவு உண்டு; உதிரிபாகங்களைச் சேமித்து வைக்கச் செலவு உண்டு; இந்திய விலையில் அந்தச் செலவு அடங்கியிருக்கிறது; அந்த விலையைத் தராமல் இந்தியச் சேவையை மட்டும் கேட்பது, சீட்டு வாங்காமல் பேருந்தில் ஏறுவது போன்றது என்பார்கள். வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. அப்படியானால் சீட்டின் விலையைச் சொல்லட்டும்! உத்தரவாதத்தை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்றிக்கொள்ள இவ்வளவு கட்டணம் என்று அறிவிக்கட்டும், நான் செலுத்தியிருப்பேன். உரிமையாளரின் நாட்டை மாற்றிப் பதிந்துகொள்ள வழிசெய்யும் நிறுவனங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆகவே இது இயலாத காரியமன்று. பணம் கொடுத்தாலும் பழுது பார்க்கமாட்டோம் என்பதற்குச் செலவுக் கணக்கு எப்படிக் காரணமாகும்? அது தண்டனை. நாட்டுக்கு நாடு வேறு வேறு விலை வைப்பதற்காகக் கட்டிய சுவரைத் தாண்டியவனுக்கு விதிக்கப்படும் தண்டனை.

இதில் அரசு காட்டிய தாராளத்தைக்கூட நிறுவனம் காட்டவில்லை என்பதுதான் வேடிக்கை. 2023 ஆகஸ்ட் 3 அன்று மடிக்கணினி இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று ஒன்றிய அரசு அறிவித்தபோது எழுந்த கூச்சல் நினைவிருக்கும். அந்தக் கடுமையான அறிவிப்பிலும், பயணியின் உடைமையாக வருவதற்கும், அஞ்சலிலோ கூரியரிலோ வரும் ஒற்றைக் கணினிக்கும் உரிமத்திலிருந்து விலக்கு இருந்தது. அயல்நாட்டில் ஒரு கணினி வாங்குவது குற்றமன்று என்று சுங்கத்துறைக்குத் தெரிந்திருக்கிறது. சேவை மையத்துக்குத் தெரியவில்லை.

சட்டம் என்ன செய்யும்? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்புடைமைக்கெனத் தனி அத்தியாயமே இருக்கிறது. வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராவிட்டால் உற்பத்தியாளர் பொறுப்பாவார் என்று 84-ஆம் பிரிவு சொல்கிறது. இதைப் படித்துத் துள்ளிக் குதித்த நான், ‘தீங்கு’ என்ற சொல்லின் வரையறையைப் படித்தவுடன் அடங்கினேன். பொருளுக்கே நேரும் சேதம் அந்த வரையறையில் சேராது. கணினி வெடித்து என் கை புண்ணானால் அந்த அத்தியாயம் எனக்குத் துணைவரும். கணினி ஓசையின்றி இறந்தால் வராது. ஆகவே குறைபாடு, சேவைக் குறைவு என்ற பழைய வழிகளில்தான் போக வேண்டும். ஆறுதலான செய்திகள் இரண்டு. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று 34-ஆம் பிரிவு வழிசெய்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதாயின் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. ‘நாங்கள் உங்களுக்கு விற்கவில்லையே’ என்று இந்தியக் கிளை சொல்லும். விற்றவர் யார் என்பதை விடுங்கள், வாக்குக் கொடுத்தவர் யார் என்று கேட்பதே என் வழக்கு.

இது என் ஒருவனின் புலம்பல் அல்ல என்பதற்கு ஒரு சான்று. இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்கிய பெட்டிச் செயலிகளுக்கு மட்டுமே இங்கே உத்தரவாதம் என்று இன்டெல் 2016-இல் கொண்டுவந்த கொள்கை, இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் கேள்விக்குள்ளாயிற்று. 2019 ஆகஸ்டில் ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. உத்தரவாதத்தின் நாட்டெல்லை என்பது விற்பனை நிபந்தனை மட்டுமன்று, சந்தைப் போட்டியைப் பாதிக்கக்கூடிய செயலும் ஆகலாம் என்று ஒரு சட்ட அமைப்பே கருதியிருக்கிறது. நம் பேராசிரியருக்கு அது பேராசையாகத் தோன்றுகிறது.

சுவர் இருபுறமும் சுடும். என் இளையவள் ஒருத்தி இங்கே முழு விலை கொடுத்து, ஜி.எஸ்.டி. செலுத்தி, இந்தியக் கடையில் கணினி வாங்கிக்கொண்டு முதுநிலைப் படிப்புக்கு ஜெர்மனி போனாள். நான்காம் மாதம் திரை கோடு கோடாயிற்று. ‘இந்தியாவுக்கு அனுப்புங்கள்’ என்றார்கள். அவள் எந்த மலிவுக்கு ஆசைப்பட்டாள்? கல்விக்காக நாடு விட்டு நாடு செல்வதைப் போற்றிப் பேசும் நம் பல்கலைக்கழகங்கள், கூட்டு ஆய்வு, மாணவர் பரிமாற்றம் என்று ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் நம் துணைவேந்தர்கள், மாணவரோடு பயணம் செய்யும் கருவியைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. அறிவியல் துறை இளநிலை ஆய்வாளருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் தரப்படும் எதிர்பாராச் செலவு நிதி ஆண்டுக்கு 12,000 ரூபாய். அந்தத் தொகையை வைத்துக்கொண்டு ஒருவன் ஆய்வுக்கருவி வாங்க வேண்டுமானால் சித்தி மகனைத்தான் நாட வேண்டும். கருவியைத் தரவேண்டிய நிறுவனம் தரவில்லை. சொந்தப் பணத்தில் வாங்கியவன் தவறான நாட்டில் வாங்கிவிட்டான் என்று கண்டிக்க மட்டும் எல்லோரும் இருக்கிறோம்.

கணினி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். சேவை மையத்தின் மறுப்பை மின்னஞ்சலில் எழுத்தாகப் பெற்றபின், நேரு பிளேசின் மூன்றாம் மாடியில், மூவர் நின்றால் மூச்சு முட்டும் ஓர் அறைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் நுண்ணோக்கியின் கீழ் பலகையை வைத்து, மல்டிமீட்டரால் நாற்பது நிமிடம் துழாவி, வரைகலைச் செயலிக்கு மின்சாரம் செல்லும் வழியில் ஒரு மாஸ்ஃபெட் குறுக்கிணைப்பாகிக் கிடப்பதைக் கண்டுபிடித்தார். அரிசியைவிடச் சற்றுப் பெரிய உறுப்பு. செயலிக்கு ஒன்றுமில்லை. வேறொரு செத்த பலகையிலிருந்து அதை எடுத்துப் பொருத்தி 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் பொறுப்பு என்றார். எந்த ஊரில் வாங்கினேன் என்று அவர் கேட்கவே இல்லை.

கணினி ஓடுகிறது. அந்த 6,500 ரூபாயையும் இழந்த வாரங்களையும் கேட்டு மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இதே மறுப்பைச் சந்தித்த ஆய்வு மாணவர்கள் இருந்தால், வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள்; மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாங்கிய ரசீதையும் உத்தரவாத விதிகளின் அன்றைய படியையும் சேமித்து வையுங்கள். அந்தக் கடிதங்களை எனக்கு அனுப்பினால் அடுத்த விசாரணைக்கு முன் என் மனுவோடு இணைக்க முயல்வேன்.