ஆடி முழுக்க எல்.ஆர்.ஈஸ்வரி குரல்... ராயல்டி யாருக்குப் போகுது?

ஆடி 17, 18 வந்தால் கொல்லிமலை களைகட்டிவிடும். 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழா, அறப்பளீஸ்வரர் கோயிலில் ஆடிப்பெருக்குக் கூட்டம். எட்டுக்கை அம்மன் இருப்பதும் இந்த மலையில்தான். மலையோ, சென்னையில் ஒரு சந்தோ, ஆடியில் கூழ் ஊற்றும் இடத்தில் ஸ்பீக்கர் கட்டினால் எல்.ஆர்.ஈஸ்வரி குரல் வராமல் இருக்காது.

1939-ல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். சினிமாவில் கிளப் டான்ஸ் பாட்டு என்றால் தேடப்பட்ட குரல், அம்மன் பாட்டுகளால் ஒரு மாதத்தையே தனதாக்கிக்கொண்டது. 2020-ல், 81 வயதை நெருங்கும் நேரத்தில், ‘மூக்குத்தி அம்மன்’ படத்துக்கு ‘ஆடிக் குத்து’ பாடியதும் அவர்தான். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

சரி, இத்தனை ஸ்பீக்கரில் பாட்டு ஓடுதே, பாடியவருக்கு என்ன கிடைக்கும்? சட்டப்படி ஒன்றும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, உண்மையான மதச் சடங்கில் பாட்டு ஒலிபரப்புவதை விதிமீறல் இல்லை என்கிறது. மாநில அரசின் அதிகாரபூர்வ விழாவுக்கும், கல்யாண ஊர்வலத்துக்கும் அதே விலக்கு. ஆக, கோயில் திருவிழா, அரசு விழா இரண்டிலும் ராயல்டி கேட்க முடியாது. கூழ் ஊற்றும் கோயிலிடம் போய்ப் பணம் கேட்பது நியாயமும் இல்லை.

டிவி, எஃப்எம், ஸ்ட்ரீமிங் கதை வேறு. அங்கே பணம் புழங்குகிறது. ஆனால் பாடகர்களுக்கான ‘நிகழ்த்துநர் உரிமை’ இந்தியச் சட்டத்தில் நுழைந்ததே 1994 திருத்தத்தில்தான். வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி என்று தெளிவாக எழுதப்பட்டது 2012-ல். அடுத்த ஆண்டே பாடகர்கள் சேர்ந்து உரிமைச் சங்கம் தொடங்கினார்கள். அதற்கெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவான பாட்டுகளுக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில்தான் சிக்கல்.

இப்படி ஒரு சீசன் குரல் அமெரிக்காவிலும் உண்டு: டார்லின் லவ். 1962-ல் அவர் பாடிய ‘ஹீ’ஸ் எ ரெபெல்’ நம்பர் ஒன் ஆனது. ஆனால் ரெக்கார்டில் இருந்தது ‘தி கிறிஸ்டல்ஸ்’ என்ற வேறு குழுவின் பெயர். அது தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் செய்த வேலை. அடுத்த ஆண்டு பாடிய ‘கிறிஸ்துமஸ் (பேபி ப்ளீஸ் கம் ஹோம்)’ அப்போது பெரிதாக ஓடவில்லை. 1980-களில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தவர், ஒருநாள் பாத்ரூம் கழுவும்போது ரேடியோவில் அதே பாட்டைக் கேட்டிருக்கிறார். அதன் பிறகுதான் மறுபடி பாட வந்தார்.

திருப்பம் தந்தது டிவி. டேவிட் லெட்டர்மேன் தன் இரவு நிகழ்ச்சியில் 1986 டிசம்பரில் அந்தப் பாட்டைப் பாட வைத்தார். பிறகு 2014 வரை, கிறிஸ்துமஸ் வந்தால் அதே பாட்டு, அதே பாடகி. எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் நடந்த 2007-ல் மட்டும் பழைய பதிவை ஓட்டினார்கள். வருஷா வருஷம் இசைக்குழு பெரிதானது. மறைக்கப்பட்ட பெயரைக் கோடிக்கணக்கானவர்கள் தெரிந்துகொண்டார்கள். 2011-ல் ‘ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவமும் வந்தது.

ஈஸ்வரியின் பெயரை யாரும் மறைக்கவில்லை. அந்த வகையில் அவர் கதை வேறு. ஆனால் பழைய பதிவை ஓட்டுவதும், பாடியவரைக் கூப்பிட்டு மேடையேற்றுவதும் ஒன்றல்ல. மேடைக்குச் சம்பளம் உண்டு. அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. ஆடி ஸ்பெஷல் போடும் சேனல் ஒன்று வருஷம் தவறாமல் போன் செய்தால் போதும்.